பைகளுக்குக் காவல் இருந்தவள்

அருவிக்குப் போகும் எந்தக் குடும்பத்திலும் ஒருவர் கரையில் உட்கார்ந்தே ஆகவேண்டும். கழற்றி வைத்த செயின், செல்போன், மாற்றுத் துணி, கார்ச் சாவி எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு, குரங்குகளை விரட்டிக்கொண்டு, குளிக்கிறவர்கள் கத்துவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருக்கிற வேலை அது. எங்கள் குடும்பத்தில் அந்த வேலை கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரருடையது. அவருக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாது. மே மாதத்திலும் வெந்நீர் போடச் சொல்லுகிற ஆள். "நீங்க போயிட்டு வாங்க, நான் பையப் பாத்துக்கிறேன்" என்று அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு தியாகிக் களை வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன புரட்டாசியில் ஒரு சனி, ஞாயிறு அருவி அருவியாகச் சுற்றியபோது, அவரை முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டவள் என் அக்கா.

அக்காவைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். அருவி என்றால் அவளுக்குப் பைத்தியம். முதல் ஆளாக இறங்கிக் கடைசி ஆளாக ஏறுவாள். வனத்துறைக்காரர் விசில் ஊதினால் "இந்தா வந்துட்டேன் தம்பி" என்பாள், அதற்கப்புறம் அரை மணி நேரம் நிற்பாள். பாறையில் முதுகைச் சாய்த்து, தண்ணீர் தலையில் விழ விழ, வாய் திறந்து ஒரு சத்தம் போடுவாள் பாருங்கள், அது பாட்டும் இல்லை அழுகையும் இல்லை. சர்ச்சில் பாமாலை பாடும்போது வராத தொண்டையெல்லாம் அங்கே வரும். ஆண்கள் பக்கத்திலிருந்து அத்தான், "ஏய், மெதுவா! ஊரே பாக்குது!" என்று அதட்டுவார். "பாக்கட்டும், ஒங்களுக்கென்ன?" என்று இவள் திருப்பிக் கத்துவாள். இரண்டு பேரும் எதற்கெடுத்தாலும் சண்டை போடுகிற ஜோடி. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற வீடு. காய் பிரிக்கிற சத்தத்தைவிட இவர்கள் சத்தம்தான் தெருவில் அதிகம் கேட்கும்.

இந்தப் பயணத்துக்கு முந்தைய வருஷம் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அப்புறம் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. மெலிந்துவிடுவாள் என்று பயந்தோம், அவளோ மருந்தில் ஊதிப் பருத்தாள். எல்லாம் முடிந்து, "இனிமே நீங்க சாதாரணமா இருக்கலாம்மா" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்தச் சாதாரணமாக இருப்பதுதான் அவளுக்கு வரவில்லை.

வெளியே போகும்போது தலையில் ஒரு ஸ்கார்ஃப். உள்ளே பழைய வாயில் ரகச் சேலையைக் கிழித்து, பஞ்சு வைத்து அவளே தைத்துக்கொண்ட ஒரு திண்டு. முந்தானையை இழுத்துப் போட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது நான், "மழை நல்லாப் பெய்யுது, அருவிக்குப் போவமா?" என்று கேட்டதற்கு, தலை நிமிராமல் "நனைஞ்சா தெரிஞ்சுரும்டி" என்றாள். அதோடு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

எடுத்தவர் அத்தான்தான். ஒரு நாள் காலையில் கடையில் எவர்சில்வர் குடங்களுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்களுடையது தேனி பஜாரில் பாத்திரக்கடை.

"ஏத்தா, ஒங்க அக்காவ ஒரு தடவ தண்ணிக்குள்ள எறக்கி விட்டுரு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"நீங்களே கூட்டிட்டுப் போக வேண்டியதுதான அத்தான்?"

"நான் சொன்னா சரிங்கிறா. நானும் அவ சொல்றதுக்கெல்லாம் சரிங்கிறேன். ரெண்டு பேரும் சரி சரின்னே கெடக்கோம். வீட்டுல சத்தமே இல்ல. எனக்குப் பயமா இருக்குத்தா. அவ அருவியில நின்னு கத்துறத ஒரு தடவ கேட்டாப் போதும்."

'கத்தாதே' என்று முப்பது வருஷம் அவளை அதட்டிய மனிதர். போனை வைத்துவிட்டு ஒரு குடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அக்காவை நனைக்காமல் விடுவதில்லை.

திட்டம் போடுவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சனிக்கிழமை காலையில் கும்பக்கரை, மத்தியானம் வருசநாட்டுப் பக்கம் சின்னச்சுருளி. இரவு தேனியில் எங்கள் வீட்டில் தங்கல். ஞாயிறு விடிவதற்குள் கிளம்பி, கூட்டம் வருவதற்கு முன்னால் சுருளி. ஒன்றில் தப்பினாலும் இன்னொன்றில் மாட்டுவாள் என்பது என் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு அருவிக்குப் போவதா என்று அக்கா கேட்பாள் என்பதால், நாள் குறிப்பதற்கு முன்னால் சுவரில் தொங்கிய சர்ச் காலண்டரைப் பார்த்தேன். திருவிருந்து எந்த ஞாயிறு, அறுப்பின் பண்டிகை எப்போது, பெண்கள் ஐக்கியக் கூட்டம் என்றைக்கு, எல்லாம் அதில் இருக்கும். நான் பார்த்த ஞாயிற்றில் ஒன்றுமே போட்டிருக்கவில்லை. வெறும் வசனம் மட்டும். இதைவிடத் தோதான நாள் கிடைக்காது என்று எல்லோருக்கும் போன் செய்து சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் அத்தானும் அக்காவும் போடியிலிருந்து காரில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டார்கள். அத்தானின் காரில் எப்போதும் ஏலக்காய் வாசம். சீட்டுக்கு அடியில் சாம்பிள் பொட்டலங்கள் கிடக்கும். பெரியகுளம் தாண்டி மாந்தோப்புகளுக்கு நடுவே போகும்போதே மேலே கொடைக்கானல் மலை கறுத்துக்கொண்டிருந்தது. மேலே மழை பெய்தால் கீழே அருவியை அடைத்துவிடுவார்கள்.

நினைத்தபடியே கும்பக்கரையில் கம்பியைப் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். 'குளிக்கத் தடை' என்று பலகை. காக்கிச் சட்டைக்காரரிடம் போய் நின்றேன்.

"மேல நல்ல மழம்மா. தண்ணி செகப்பா வருது. பாக்கக்கூட விடக் கூடாதுன்னு சொல்லிருக்காக."

"அடடா!" என்றாள் அக்கா. அந்த 'அடடா'வில் இருந்த நிம்மதியை மற்ற மூன்று பேரும் கேட்டோம். அத்தான் வண்டியைத் திருப்பினார். பழைய அக்காவாக இருந்தால் அந்தக் காக்கிச் சட்டைக்காரரோடு ஒரு பாட்டம் வாதாடி, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கவாவது அனுமதி வாங்கியிருப்பாள். இவள் மாங்காய்ப் பத்தை வாங்கி, உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுத் தொட்டுப் பின்சீட்டில் எங்களுக்கு நீட்டிக்கொண்டே வந்தாள். சந்தோஷமாக இருந்தாள். அதுதான் எனக்குக் கோபம்.

தேனிக்கே திரும்பி வந்து, க.விலக்கில் தெற்கே பிரிந்து, கண்டமனூர் வழியாகக் கடமலைக்குண்டு போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். சந்தைப் பக்கத்துக் கடையில் பருப்பு வடையும் டீயும். அங்கிருந்து மயிலாடும்பாறை, கோம்பைத்தொழு என்று போகப் போக மலை இரண்டு பக்கமும் நெருங்கி வந்தது. வழி நெடுக இலவ மரங்களும் தென்னந்தோப்புகளும். என் வீட்டுக்காரர் ஊர்ப் பலகைகளையெல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார். அது அவருடைய வியாதி.

சின்னச்சுருளியில் கூட்டமே இல்லை. கார் நிற்கும்போதே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அக்கா இறங்கி அண்ணாந்து பார்த்தாள். மலை உச்சியிலிருந்து தண்ணீர் இரண்டு மூன்று தட்டாக விழுந்துகொண்டிருந்தது. அவள் முகம் கொஞ்சம் இளகியது. "யாருமில்லைக்கா. நீயும் நானும் மட்டும்தான்" என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு உடை மாற்றப் போனாள். நைட்டியை மாட்டிக்கொண்டு, மேலே ஒரு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் வேறெங்கோ பார்ப்பது போல நின்றார். கண் வைத்துவிடுவோமோ என்ற பயம்.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து நின்றது. காலேஜ் பையன்கள். இறங்கும்போதே ஆளுக்கொரு செல்போன். ஒருவன் பாறைமேல் ஏறி ஆட, இன்னொருவன் படம் எடுத்தான். அக்கா துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பையப் பாத்துக்கிறேன். நீ போடி."

எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ. "ஏலே! பொம்பளைக குளிக்கிற எடத்துல என்னலே படம்?" என்று அந்தப் பையன்களைப் பார்த்துக் கத்தினேன். பாவம், நல்ல பிள்ளைகள். "அருவியத்தான் ஆத்தா எடுத்தோம். வேணாம்னா நாங்க அங்கிட்டுப் போயிர்றோம்" என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகும் அக்கா எழுந்திருக்கவில்லை. "சின்னப் புள்ளைகள எதுக்கு வையிற?" என்று என்னைத்தான் கடிந்துகொண்டாள். நானும் வீம்புக்குக் குளிக்கவில்லை. அத்தான் மட்டும் போய் நனைந்துவிட்டு, பல் நடுங்க வந்து நின்று, "அருமையான தண்ணி" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். "சரி" என்று அவர் சட்டையை எடுத்துக் கொடுத்தாள் அவள்.

சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டுக்கறி எடுத்தேன். மறுநாள் அருவியில் குளித்துவிட்டு வந்தால் பசிக்குமே. புரட்டாசி மாதத்தில் கறிக்கடையில் கூட்டம் இருக்காது, நல்ல தொடைக்கறி கிடைக்கும் என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரியும். அதற்குமேல் புரட்டாசியைப் பற்றி நாங்கள் யோசித்ததில்லை. விடியற்காலையில் எழுந்து இட்லி ஊற்றி, கறிக்குழம்பு வைத்து, கடையில் இருந்ததிலேயே பெரிய அடுக்குக் கேரியரில் நிரப்பிக்கொண்டு கிளம்பினேன்.

வீரபாண்டிப் பாலத்தைத் தாண்டும்போது அந்நேரத்திலேயே ஆற்றங்கரையில் காரும் வேனுமாக நின்றன. ஈரத் துணியோடு ஜனங்கள். "கோயில்ல ஏதோ விசேஷம் போல" என்றார் என் வீட்டுக்காரர். "இருக்கும்" என்றார் அத்தான். நான்கு பேர் இருந்தோம், ஒருவருக்கும் அதற்குமேல் ஓடவில்லை. சின்னமனூர், உத்தமபாளையம் வரையிலும் ரோட்டின் இரண்டு பக்கமும் நெல் வயல். கம்பம் தாண்டினால் பந்தல் பந்தலாகத் திராட்சை. எங்களுக்கு முன்னாலும் வேன், பின்னாலும் வேன். எல்லாம் எங்கள் பக்கமே வருகின்றன என்பதை நான் கவனித்தேன், வாயைத் திறக்கவில்லை.

சுருளியில் கார் நிறுத்த இடமில்லை. திருவிழா மாதிரி ஜனம். ஓரமெல்லாம் தரையில் சாக்கை விரித்து எள், பச்சரிசி, வாழை இலை, அகத்திக்கீரை என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். அத்தான் கண்ணாடியை இறக்கி ஒரு கீரைக்காரம்மாவிடம், "என்னம்மா இன்னைக்கு விசேஷம்?" என்று கேட்டார்.

அந்தம்மா அவரை மேலும் கீழும் பார்த்தது. "புரட்டாசி அமாவாசைங்க. ஏன், ஒங்க வீட்டுல யாரும் செத்ததே இல்லையா?"

செத்துப்போன அப்பா அம்மாவுக்கெல்லாம் தர்ப்பணம் கொடுக்க, ஜில்லாவே சுருளிக்கு வந்து முழுகுகிற நாள். பஜாரில் பக்கத்துக் கடைக்காரர் பூசணிக்காய் உடைத்தால்தான் எங்களுக்கு அமாவாசை. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருந்ததால் அதைப் பார்க்கவும் வழியில்லை. ஏலக்காய் ஏலம் எந்த நாள் நடக்கும், எந்த நாள் நடக்காது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிற அத்தானும் கோட்டை விட்டிருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சர்ச் காலண்டரைப் பார்த்து நாள் குறித்தவள் நான்தானே.

கதவைத் திறந்ததும் கறிக்குழம்பு வாசம் கும்மென்று வெளியே போனது. விரதம் இருக்கிற ஜனங்களுக்கு நடுவில். நெற்றியில் திருநீறு பூசிய ஒரு பெரியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பாய்ந்து கேரியரைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, ஏலக்காய்ப் பொட்டலங்களை அதன்மேல் அடுக்கி, கதவைச் சாத்தினார். அக்கா சிரித்துவிட்டாள். அந்தப் பயணத்தில் அவள் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

"வந்தது வந்துட்டோம். நடந்து போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றாள். பார்த்துவிட்டு என்றாளே தவிர, குளித்துவிட்டு என்று சொல்லவில்லை.

மரங்களுக்கு நடுவே அருவிக்குப் போகிற பாதையில் ஆளோடு ஆள் இடித்துக்கொண்டு நடந்தோம். கரையெல்லாம் இலை போட்டு, பிண்டம் வைத்து, ஐயர்கள் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் தண்ணீரே தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. கூட்டமில்லாத இடத்தில், யாரும் பார்க்காமல், காதும் காதும் வைத்த மாதிரி அக்காவை நனைத்துவிட வேண்டும் என்று போட்ட திட்டம் இங்கே வந்து முடிந்திருந்தது. அக்கா ஒரு சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

"எல்லாத்தையும் இங்கிட்டுக் குடுங்க. நான் பாத்துக்கிறேன்."

அத்தான் அவளைப் பார்த்தார். "சரி" என்றார். சட்டையையும் போனையும் அவள் மடியில் வைத்துவிட்டு ஆண்கள் பக்கம் போனார். அவர் முதுகைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இனி இன்னொரு தடவை அவர் என்னிடம் கேட்கமாட்டார் என்று தோன்றியது. அமாவாசைமேல் கோபம், காலண்டர்மேல் கோபம், இத்தனை ஜனத்துக்கும் இத்தனை பேர் செத்துப்போயிருக்கிறார்களே என்று அவர்கள்மேலும் கோபம்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். எங்கள் வயதுதான் இருக்கும். நல்ல ஆகிருதி. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். முழங்காலைப் பிடித்தபடி, தண்ணீருக்குப் போகிற ஈரப் பாறையைப் பார்த்துத் தயங்கித் தயங்கி நின்றாள். ஜெயமங்கலத்திலிருந்து அண்ணன் தம்பிகளோடு அம்மாவுக்குத் திதி கொடுக்க வந்தவள். அவர்கள் ஐயர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள், இவள் மூன்று தடவை தண்ணீரில் நனைந்து வரவேண்டும். போன தடவை இதே பாறையில் வழுக்கி விழுந்து மூட்டு பிசகிவிட்டதாம். கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னாள்.

"கையப் புடிச்சுக்கங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீ காத்தடிச்சாப் பறந்துருவ ஆத்தா. நான் வழுக்குனா ஒன்னையவும் இழுத்துட்டுத்தான் விழுவேன். அந்தா ஒக்காந்திருக்காகள்ல, அவுக கை குடுத்தா நல்லாருக்கும்."

அக்கா திடுக்கிட்டாள். "எனக்கு ஒடம்பு சரியில்லீங்க."

"ஒடம்புக்கு என்ன? கல்லாட்டமா இருக்கீக!"

எனக்குப் பகீரென்றது. ஒரு வருஷமாக அக்காவிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். தண்ணீர்ச் செம்பைக்கூட அவளைத் தூக்கவிடமாட்டோம். கடையில் பீங்கான் சாமானை வைக்கோல் சுற்றி எடுத்து வைப்பது போல அவளை வைத்திருந்தோம். உதவி செய்யத்தான் எல்லோரும் வந்தோமே தவிர, ஒரு வருஷத்தில் அவளிடம் வந்து ஒரு உதவி என்று கேட்டவர் யாருமில்லை. அந்தப் பெண் கேட்டாள். அவளுக்கு உண்மையாகவே ஆள் வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் நின்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள், அந்தப் பெண்ணின் முழங்காலைப் பார்த்தாள். பைகளைத் திண்டில் வைத்துவிட்டு எழுந்தாள். அவள் முழுசாக எழுந்திருப்பதற்குள் என் வீட்டுக்காரர் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். சேலையோடேயே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு, ஒருவர் கால் வைத்த இடத்தில் ஒருவர் கால் வைத்துக் கூட்டத்துக்குள் நுழைந்தார்கள். "வழி விடுங்க, மூட்டு வலிக்காரக வாராக!" என்று அக்கா சத்தம் கொடுத்தாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. ஓரமாக விழுந்த தண்ணீரிலேயே அவள் ஸ்கார்ஃப் கழன்று விழுந்தது. உள்ளே, கிராப் வெட்டியது போல ஓரங்குலம் முடி. நான் பதறி எடுக்கக் குனிந்தேன். அந்தப் பெண் அக்காவின் தலையைப் பார்த்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டாள்.

"முடி எங்கன எறக்குனீக? வீரபாண்டியிலயா?"

நேர்ந்துகொண்டு அம்மனுக்கு மொட்டை போட்டவள் என்று நினைத்துவிட்டாள். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும், விஷயம் முடிந்துவிடும். ஆனால் அக்கா அம்மன் பெயரில் பொய் சொல்லவும் மாட்டாள், எந்தப் பெயரிலும் பொய் சொல்லமாட்டாள்.

"எறக்கலீங்க! தானாக் கொட்டுச்சு! சீக்கு!"

"ஆங்? கேக்கல!"

"கேன்சருங்க!" என்று கத்தினாள் அக்கா. "மார்ல! ஒரு பக்கத்த எடுத்துட்டாக!"

சொந்தக்காரர்களிடம்கூடக் 'கட்டி' என்றுதான் சொல்லி வந்தாள். சர்ச்சில் ஜெபக் குறிப்புக்குப் பெயர் கொடுக்கும்போதுகூட 'சரீர சுகம்' என்று மட்டும் எழுதச் சொன்னவள். அதை அத்தனை பெண்களுக்கு நடுவில் தொண்டை கிழியச் சொல்லிவிட்டாள். பக்கத்தில் தலை கசக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் என்ன சொல்வாளோ, ஐயோ பாவம் என்று சொல்லிக் கையை விட்டுவிடுவாளோ, அத்தோடு அக்கா திரும்பி நடந்துவிடுவாளோ என்று நின்றேன்.

"இப்ப வலிக்குதா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இல்ல!"

"அப்ப என்னைய நல்லா இறுக்கிப் புடிங்க. வழுக்குது!"

அவ்வளவுதான். இரண்டு பேரும் அருவிக்கு அடியில் போனார்கள். தண்ணீர் மொத்தமாக விழுந்தது. ஒரு நிமிஷம் அவர்களைக் காணவில்லை. அப்புறம் வெளியே வந்து மூச்சு வாங்கினார்கள், மறுபடியும் போனார்கள். யாரோ ஒரு ஜெயமங்கலத்து அம்மாவுக்காக என் அக்கா மூன்று தடவை தண்ணீருக்குள் போய் வந்தாள். எங்கள் போதகர் பார்த்திருந்தால் அடுத்த வாரப் பிரசங்கம் முழுக்க இதுவாகத்தான் இருந்திருக்கும். எனக்கு அவருக்கும் சேர்த்துச் சந்தோஷமாக இருந்தது.

மூன்றாவது தடவைதான் அந்தச் சத்தம் வந்தது. பாறையில் முதுகைச் சாய்த்து, வாயைத் திறந்து, பழைய சத்தம். பாட்டும் இல்லை, அழுகையும் இல்லை. அந்தப் பெண் முதலில் மிரண்டு பார்த்தாள், அப்புறம் அவளும் சேர்ந்து கத்தினாள். நான் நின்ற இடத்திலேயே நின்று அழுதேன். என் அக்காவை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அது வரைக்கும் யாரிடமும் நான் சொன்னதில்லை, அவளிடமும் சொன்னதில்லை. அவளிடமே சொல்ல வேண்டும் என்று அப்போது ஆசையாக இருந்தது.

பாறையைத் தாண்டி மேட்டுக்கு வந்ததும் அந்தப் பெண் கையை விட்டாள். "வாரேன் ஆத்தா. அண்ணன் தேடுவாக" என்று ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே நொண்டி நொண்டிப் போனாள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் உள்ள கம்பியோரம் அத்தான் வந்து நின்றார். சத்தம் கேட்டு ஓடிவந்திருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஒரு காலில் செருப்பில்லை. கையில் துண்டு. அக்கா அவரைப் பார்த்து நடந்தாள். நனைந்த சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் இருந்தது, ஒரு பக்கத்தில் பஞ்சுத் திண்டு நழுவி இடுப்புக்கு வந்திருந்தது. பார்த்தால் தெரியத்தான் செய்தது. அவளைக் கடந்து ஜனங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள்.

அத்தான் கம்பிக்கு மேலாகக் கையை நீட்டி, துண்டை அவள் மார்புக்கு நேராக விரித்துப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த நாளிலிருந்து அவருக்கு அது பழக்கம். அறைக்குள் யார் வந்தாலும் முதலில் அவர் கைதான் போர்வையைத் தேடும்.

"அங்கன எதுக்கு மூடுறீக?" என்றாள் அக்கா. "தலைதான ஈரமா இருக்கு?"

துண்டை அவர் கையிலிருந்து பிடுங்கித் தலையைத் துவட்டினாள். அந்த ஓரங்குல முடியை, முன்பு முழங்கால் வரை இருந்ததைத் துவட்டுகிற மாதிரி, அவசரமே இல்லாமல் துவட்டினாள். துவட்டி முடித்துத் துண்டை அவர் தோளிலேயே போட்டாள்.

"பிடிச்சுக்கங்க. நான் இன்னும் ஒரு தடவ போயிட்டு வாரேன்."

"ஏய், போதும்! சளி புடிச்சுக்கிரும்!" என்று அதட்டினார் அத்தான். அதட்டிவிட்டு, தான் அதட்டியதைத் தானே கேட்டது போல அப்படியே நின்றுவிட்டார்.

"புடிச்சா எனக்குத்தான புடிக்கும்? ஒங்களுக்கென்ன?" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு அக்கா தண்ணீரைப் பார்த்து நடந்தாள். கையைக் கட்டி எதையும் மறைத்துக்கொள்ளவில்லை.